அறுபது முட்டைக்கு ஒரு கெர்னல்

முதலில் தப்பு செய்தவர் என் சகலை ராமலிங்கம். திருக்கோவிலூர்க்காரர். என் மனைவி பாக்கியத்தின் அக்கா வீட்டுக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கடைசி வரை படித்தால் நீங்களும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான் சாய்ந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. முட்டைப் பெட்டியில் சூடு சரியாக இருக்கிறதா என்று மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பது.

நான் கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டுகிறவன். படிப்பு அஞ்சாவது. அதை இரண்டு வருஷம் படித்ததால் கேட்பவர்களிடம் ஆறு என்று சொல்வேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் மகேசு, பொங்கல் லீவுக்கு வந்தபோது பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைக் குஞ்சு பொரிக்கும் பெட்டியாக மாற்றிக் கொடுத்தாள். உள்ளே இரண்டு குண்டு பல்பு, ஒரு ஃபேன், கதவில் ஒரு கண்ணாடி, அதற்கு உள்ளே ஒரு தெர்மாமீட்டர். மேலே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் தகடு, அதில் ஒரு சின்னத் திரை. சூடு ஏறினால் அது பல்பை அணைக்கும். இறங்கினால் போடும். நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் செய்தி மலை மேல் அலமேலு வரைக்கும் போனது.

அலமேலு கரியாலூருக்குப் பக்கத்து ஊர். போன கோடையில் அவர்கள் ஊரில் கோழிக்கு நோய் வந்து, நாலு வீட்டுக் கோழிகள்தான் மிஞ்சின. அந்த நாலு வீட்டு முட்டைகளையும் சேர்த்து அறுபது முட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை வளைவிலும் பஸ்ஸில் இறங்கி வந்தாள். எந்த வீட்டு முட்டை எது என்று தெரிய ஒவ்வொன்றிலும் கரிக்கோடு. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று, நாலு.

"அண்ணா, எங்க கிட்ட இருக்கிறது இதான். இது போச்சின்னா எங்க ஊர்ல சேவல் கூவாது" என்றாள்.

"பெட்டி பாத்துக்கும்மா" என்றேன். மனிதன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லியிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும்.

இது நடந்து இருபது நாள். இருபத்தொன்றாம் நாள் காலை, நாலைந்து முட்டையில் மெல்லிய கீறல் விழுந்திருந்தது. அலமேலு சாயங்காலம் நாலரை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

எட்டரை மணிக்கு சகலை வந்தார். கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்க. வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

"சகலை, பேரன் காதுகுத்து வீடியோ உங்க கம்ப்யூட்டர்ல இருக்குதுன்னு சொன்னீங்களே. ஏத்திக் குடுங்க" என்றார்.

"மெமரி கார்டு வச்சிருக்கீங்களா?"

"பாக்கிறேன்" என்றார்.

நான் டீ சொல்ல உள்ளே போனேன். திரும்பி வந்தால் சகலை தன் போனைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு இருக்கிறார்.

"இன்னா சகலை கார்டு இது. போட்டா ஒண்ணும் தெரியல. ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. பண்ணுன்னேன். இப்ப சுத்தமா காலியா கீது."

"எந்தக் கார்டு?"

"அதோ, அந்த ஃபிரிட்ஜ் மேல ஒரு தகட்டுல சும்மா சொருவிக்கினு இருந்துச்சே."

ஃபிரிட்ஜ் மேல் தகடு இருந்தது. அதில் இருந்த விளக்கு அணைந்திருந்தது. கண்ணாடிக்கு உள்ளேயும் இருட்டு.

மகேசுவுக்குப் போன் போட்டேன். அவள் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

"ப்பா, பதறாத. பல்ப நேரா சுவிட்ச்ல மாட்டு. முப்பத்தெட்டு வந்தா அணை, முப்பத்தேழு வந்தா போடு. யாராவது பக்கத்துலயே ஒக்காரணும். அந்தக் கார்டுல இருந்ததுக்கு நகல் ஒண்ணு டெஸ்க்டாப்புல வச்சிருக்கேன், அத்த எடுத்து..."

"அது இல்லம்மா."

"ஏன்?"

"போன மாசம் எடத்த அடைக்குதுன்னு நான்தான் அழிச்சிட்டேன்."

இந்த விஷயத்தைச் சகலையிடம் நான் இன்று வரை சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

மகேசு பெருமூச்சு விட்டாள். மற்றதெல்லாம் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறதாம். கெர்னல் ஒன்றைத்தான் புதிதாகக் கட்ட வேண்டுமாம்.

"கெர்னல்னா இன்னாம்மா?"

"மேஸ்திரி மாதிரிப்பா. சிப்புதான் கூலியாளு. எந்த வேலைய எப்ப செய்யணும்னு மேஸ்திரி சொல்லணும். ஆனா ஒவ்வொரு வகை சிப்புக்கும் ஒவ்வொரு பாஷை. உன் டெஸ்க்டாப் சிப்பு வேற ஜாதி, அந்தத் தகட்டுல இருக்கிறது வேற ஜாதி. தகட்டோட பாஷை தெரிஞ்ச மேஸ்திரியா பாத்துக் கட்டணும். கட்டுறதுக்கு முன்னாடி அது நிறைய கேள்வி கேக்கும். சூடு பாக்குற கம்பிக்கு மட்டும் ஒய் போடு. மத்ததுக்கெல்லாம் என்டர் தட்டு. இன்னா அடிக்கணும்னு அனுப்புறேன். ஒம்போதுக்கு உள்ள போனா போன வாங்கி வச்சிடுவாங்க, டீ டைம்லதான் பேசுவேன்."

கட்டுவதுதானே என் தொழில். பத்து குதிரை சக்தி மோட்டாரைக் கட்டியவன் ஒரு மேஸ்திரியைக் கட்ட மாட்டேனா என்று உட்கார்ந்தேன்.

சகலையைப் பாக்கியம் விடவில்லை. பெட்டி முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டாள். கையில் சுவிட்சைக் கொடுத்தாள்.

"மாமா, நீங்கதான அழிச்சீங்க. நீங்களே ஒக்காருங்க."

"பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போவணும்மா பாக்கியம். இன்னும் எட்டு வூட்டுக்குப் பத்திரிகை வைக்கணும்."

"குஞ்சு வந்தப்புறம் போங்க."

சகலை உட்கார்ந்தார். எனக்கு ரொம்ப சந்தோஷம். என் கல்யாணத்தில் மாப்பிள்ளையான எனக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்த மனிதர். நாற்பத்தொரு வருஷம் கழித்து ஒரு சுவிட்ச் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

நான் மகேசு அனுப்பியதைப் பார்த்துப் பார்த்துக் கறுப்புத் திரையில் அடித்தேன். அதில் ஒரு பகுதி பெரிய எழுத்தில் ஆர்ச் என்று இருந்தது. இங்கேதான் என் அனுபவம் வேலை செய்தது.

தாலுகா ஆபீஸ் விண்ணப்பங்களில் எனக்கு முப்பது வருஷப் பழக்கம். பெரிய எழுத்தில் தனியாக ஒன்று இருந்தால் அது அலுவலக உபயோகத்துக்கு மட்டும். நாம் அதில் கை வைத்தால் மனு திரும்பி வரும். ஆகவே ஆர்ச்சை விட்டுவிட்டு மற்றதை அடித்தேன். கம்ப்யூட்டர் ஒன்றும் கோபிக்கவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தது.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒய், என், எம் என்று மூன்று பதில். ஒய் என்றால் வேண்டும். என் என்றால் வேண்டாம். எம் என்றால் பரண் மேல் வை, கேட்கும்போது இறக்கிக்கொள்ளலாம்.

மகேசு என்டர் தட்டச் சொன்னாள்தான். ஆனால் என்டர் தட்டினால் நாம் எழுதாமல் விட்டதாகத்தானே அர்த்தம். எழுதாமல் விட்ட கட்டத்தால் என் பட்டா மனு மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை அங்கிருந்த ஆள் சொன்னார், "பெரியவரே, எதையும் காலியா வுடாதீங்க. எல்லாத்துலயும் ஆம்னு போட்டு எடுத்துக்கினு வாங்க." போட்டேன். பட்டா வந்தது. அன்றிலிருந்து நான் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை.

கேள்வி வந்தது. ஒய் போட்டேன்.

அடுத்த கேள்வி. ஒய்.

ரேடியோ வேண்டுமா? ஒய். டி.வி. வேண்டுமா? ஒய். விளையாட்டுக் குச்சி வேண்டுமா? அது என்ன என்று தெரியாது. இருக்கட்டும், ஒய். கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் சாமான் வேண்டுமா? எனக்கே கண்புரை இருக்கிறது, ஒய். ரெகுலேட்டர் வேண்டுமா என்று கேட்டபோது கண்ணில் தண்ணீர் வராத குறை. சொந்தக்காரனை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு தடவை ஒய் தட்டினேன்.

ஒன்றரை மணி நேரம் ஒய் போட்டேன். விரல் மரத்துப் போனது. கேள்வி நிற்கவில்லை. கம்ப்யூட்டர் இவ்வளவு விஷயத்துக்கு என்னைக் கேட்டுத்தான் செய்யும் என்று இத்தனை நாள் தெரியாது. வீட்டில்கூட என்னை இவ்வளவு கேட்பதில்லை.

பத்தே முக்காலுக்கு மகேசு பேசினாள்.

"இப்ப இன்னா கேக்குது, படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"ப்பா, அது டெஸ்க்டாப் சிப்போட கேள்வி. ஆர்ச்னு பெருசா அனுப்பினேனே, அத்த அடிச்சியா?"

"அது ஆபீஸ் உபயோகத்துக்குன்னு வுட்டுட்டேன்."

அவள் பக்கத்தில் யாரோ ஒரு பெண், "இன்னாடி சிரிக்கிற" என்று கேட்பது காதில் விழுந்தது.

"ப்பா, நீ இவ்ளோ நேரம் உன் டெஸ்க்டாப்புக்கு மேஸ்திரி தேடிக்கினு இருந்திருக்க. எந்த ஜாதி சிப்புன்னு சொல்றதே ஆர்ச்தான். நிறுத்திட்டு அத்தயும் சேத்து மறுபடி அடி."

முன் அறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். சகலை சுவிட்சைப் பிடித்தபடி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருந்தார்.

"சகலை, மூணு கோடு போட்டது ஒண்ணு ஆடுது பாருங்க" என்றார்.

"சூட்டப் பாருங்க, ஆட்டத்தப் பாக்காதீங்க" என்றேன்.

"முப்பத்தேழர. காலையிலேருந்து அதே முப்பத்தேழர. அரை ஏறவும் வுடல, அரை இறங்கவும் வுடல. உங்க மேஸ்திரி வந்தாரா?"

தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போனேன்.

மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஆர்ச் போட்டேன். கேள்விகளும் மாறின. இந்தக் கம்பெனி சிப்பு வேண்டுமா? அந்தக் கம்பெனி சிப்பு வேண்டுமா? சீனாக்காரன், கொரியாக்காரன், அமெரிக்காக்காரன் என்று வரிசையாக வந்தார்கள். நம்ம தகடு எந்தக் கம்பெனி என்று எனக்குத் தெரியாது. ஒருவனுக்கு ஒய் போட்டு ஒருவனுக்கு என் போட்டால் நாளைக்கு வீண் பகை. எல்லோருக்கும் ஒய்.

பன்னிரண்டேகாலுக்குக் கேள்விகள் முடிந்தன. மகேசு எழுதியிருந்த அடுத்த வரியை அடித்தேன். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. டெஸ்க்டாப் லாரி மலை ஏறுகிற மாதிரி இரைந்தது.

"கட்ட ஆரம்பிச்சிட்டேன்" என்று மகேசு சாப்பாட்டு நேரத்தில் பேசியபோது பெருமையாகச் சொன்னேன்.

"சூப்பர்ப்பா. எத்தினிக்கு ஒய் போட்ட, ஒண்ணுதான?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா?"

"ஒண்ணு வுடல. காலியா வுட்டா திருப்பி அனுப்பிடுவான்."

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ப்பா. அது ஒலகத்துல இருக்கிற எல்லா சிப்புக்கும், எல்லா சாமானுக்கும் சேத்து மேஸ்திரி கட்டுது. நாளைக்கு இந்நேரம் வரைக்கும் ஓடும். கட்டி முடிச்சாலும் அந்தக் கார்டுல கெர்னலுக்கு ஒதுக்கின எடத்துல உக்காராது. பத்து முட்ட கூடையில பலாப்பழம் வைக்க முடியுமா?"

"அப்ப இன்னா செய்ய?"

"என்டர்னா காலியா வுடுறது இல்லப்பா. அவங்களே யோசிச்சு வச்ச பதில ஒத்துக்கிறதுன்னு அர்த்தம்."

எனக்கு அது புதுசு. யோசித்து வைத்த பதிலை உள்ளேயே எழுதிக் கொடுக்கிற விண்ணப்பத்தை நான் பார்த்ததே இல்லை.

அவள் சாப்பிடாமல் பத்து நிமிஷம் என்னோடு இருந்தாள். நம்ம தகட்டுக்கு ஏற்ற மாதிரி பதில்கள் எல்லாம் ஒரே வரியில் நிரம்பிக்கொள்ள ஒரு வழி சொன்னாள். பிறகு சூடு பார்க்கும் கம்பியின் பெயரைத் தேடி, அதற்கு மட்டும் ஒய். ஆயிரத்துக்கு மேல் ஒய் போட்ட என் விரல் அந்த ஒரே ஒய்யை அளந்து போட்டது. பன்னிரண்டு ஐம்பதுக்குக் கட்ட விட்டோம். மூன்று மணிக்குள் முடியும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பஸ்ஸும் போயிருந்தது. சகலை நாற்காலியிலேயே தயிர்சாதம் சாப்பிட்டார். பாக்கியம் சுவிட்சைப் பிடித்துக்கொள்ள வந்தபோது, "வுடும்மா, உனக்குப் பதம் தெரியாது" என்று இடது கையால் அவரே பிடித்துக்கொண்டார்.

ஒன்றரைக்கு முதல் குஞ்சு வெளியே வந்தது. இரண்டு கோடு போட்ட முட்டை. சகலை எழுந்து நின்றுவிட்டார்.

இரண்டு மணிக்குக் கரண்டு போனது.

பல்பு அணைந்தது. டெஸ்க்டாப் அணையவில்லை, ஏனென்றால் அதற்கு இன்வெர்ட்டர் உண்டு. பழைய பேட்டரி. ஒன்றைத்தான் தாங்கும்.

"சகலை, முப்பத்தேழு" என்றார் அவர்.

நான் திரையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் கட்டி முடிந்திருந்தது.

"முப்பத்தாறர."

"ஒரு மணி நேரம் பொறுங்க சகலை, இங்க முடிஞ்சிடும்."

"முட்டைக்கு அது தெரியாது சகலை. முப்பத்தாறு."

பாக்கியம் வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் வெந்நீர்ச் செம்பு, ஒரு கையில் என் போர்வை. அலமேலுவின் நாலு வீடும் அவள் பார்வையில் நின்றது.

டெஸ்க்டாப்பின் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த இடத்தில் பல்பு ஒயரை நீட்டிச் சொருகினேன். திரை கறுத்தது. ஐந்து மணி நேர உழைப்பு. சகலை கண்ணாடிக்கு உள்ளே பார்த்துக்கொண்டே, "ஏறுது, ஏறுது" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டேமுக்காலுக்குக் கரண்டு வந்தது. மூன்று மணி டீ நேரத்தில் மகேசுவிடம் எல்லாம் போச்சு என்று சொன்னேன்.

"எதுவும் போவலப்பா. அதே வரிய மறுபடி அடி, விட்ட எடத்துலேருந்து கட்டும்."

அடித்தேன். கட்டியது. என் வாழ்க்கையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த முதல் வேலை அதுதான். நாலேகாலுக்கு முடிந்தது. மகேசு எழுதி வைத்தபடி கார்டில் ஏற்றினேன். அதைத் தட்டு மேல் திருநீறு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்த் தகட்டில் சொருகினேன். பல்பு ஒயரை மாற்றி மாட்டினேன்.

விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. இரண்டு தடவை சிமிட்டியது. பிறகு நின்று எரிந்தது. சின்னத் திரையில் முப்பத்தேழு புள்ளி ஐந்து. தானாகவே பல்பை அணைத்தது. தானாகவே போட்டது.

"பாத்தீங்களா சகலை!" என்றேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். நான் உள்ளே கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நாற்பத்தேழு குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. காய்ந்ததைச் சகலை எடுத்து அட்டைப்பெட்டியில் விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டியெல்லாம் கோழி எச்சம். அவர் முழங்கால் மேல் ஒன்று ஏறி நின்றது.

என் கெர்னல் உடைந்த ஓடுகளையும் மிச்சம் பதின்மூன்று முட்டைகளையும் மிகச் சரியான சூட்டில் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பதின்மூன்றில் நாலு பிறகு பொரிந்தன. அந்த நாலும் என் கணக்கு. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அலமேலு வந்தாள். முதலில் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் உடைந்த ஓடுகளை எடுத்து எடுத்துக் கோடு பார்த்தாள். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று, நாலு. நாலு வீட்டுக்கும் இருந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யாருண்ணா பாத்துக்கிட்டது?"

"பெட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"மாமாதான். காலையிலேருந்து அந்த எடத்த வுட்டு எழுந்திரிக்கல" என்றாள் பாக்கியம். நாற்பத்தொரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்துகிறவள்.

"பெரியவரு கை நல்ல கைண்ணா" என்றாள் அலமேலு.

சகலை அடக்கமாகச் சிரித்தார். "நான் இன்னா செஞ்சேன். சுவிட்சுதான் போட்டேன். சகலைதான் பாவம், உள்ள ஒக்காந்து எதையோ தட்டிக்கினே இருந்தாரு. ஏன் சகலை, வேல முடிஞ்சிதா?"

முடிந்தது என்றேன்.

கார்டை அழித்தேன் என்று ஒரு வார்த்தை அலமேலுவிடம் சொன்னாரா? இல்லை. என்னிடம் தப்பு என்னுது என்றாரா? அதுவும் இல்லை. ஆறு மணி பஸ்ஸில், அவள் ஆசையாகக் கொடுத்த இரண்டு குஞ்சுகளோடு திருக்கோவிலூர் போனார்.

இந்தச் சனிக்கிழமை அலமேலு அடுத்த கூடை முட்டையோடு வருகிறாள். போனில் சொன்னேன், "இப்ப பெட்டி ஒழுங்கா ஓடுதும்மா. யாரும் ஒக்கார வேணாம்."

"ஓடட்டும்ணா. அது பாட்டுக்கு ஓடட்டும். அந்தப் பெரியவரயும் பக்கத்துல ஒக்காரச் சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். வருகிறாராம். பெட்டி முன்னால் நாற்காலியும் போட்டாகிவிட்டது. தப்பு என்னுது சகலை என்று அவர் சொல்லும் வரைக்கும் அதில் நான் உட்கார்ந்திருப்பேன்.